சோபர் லிவிங் வீட்டில் முதலீடு: அந்த வாடகை யார் பையிலிருந்து வருகிறது?

அமெரிக்காவின் சார்லட் நகரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஐ.டி. வேலை, இரண்டு வாடகை வீடுகள் வைத்திருக்கிறார். "அண்ணா, அந்த அஞ்சு பெட்ரூம் வீடு காலியாயிடுச்சு. குடும்பத்துக்கு விட்டா மாசம் மூவாயிரம் டாலர் வந்தா பெருசு. குடி, போதையை விட்டவங்க சேர்ந்து தங்குற சோபர் லிவிங் வீடு நடத்துற ஒருத்தர், அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா நானே எடுத்துக்கறேன், மாசம் 5,800 தர்றேங்கறார். சின்னச் சின்ன ரிப்பேர்கூட அவரே பாத்துக்குவாராம். கையெழுத்து போட்டுடலாமா?"

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்கள் நிறையப் பேர் இப்போது இதைக் கேட்கிறார்கள். வட்டி ஏறிவிட்டது, 2021-இல் 3 சதவீதத்துக்குக் கிடைத்த வீட்டுக் கடன் 6, 7 என்று நிற்கிறது, குடும்பத்துக்கு விட்டு வரும் வாடகை தவணைக்கே சரியாகப் போய்விடுகிறது, அந்த நேரம் பார்த்து யூடியூபில் ஒருவர் வந்து வீட்டைக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விடுங்கள், வருமானம் மூன்று மடங்கு என்று வகுப்பு எடுக்கிறார். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வரும். ஐந்து அறை, அறைக்கு இரண்டு கட்டில், கட்டிலுக்கு வாரம் 200 டாலர் என்று வைத்தால் வாரம் 2,000, மாதத்துக்குச் சுமார் 8,600. ஆனால் அந்தக் கட்டிலில் யார் படுக்கிறார், அவருக்கான பணத்தை யார் கட்டுகிறார் என்று தெரியாமல் இதில் ஒரு டாலர்கூடப் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒன்று. நம்மூரில் குடி மறுவாழ்வு மையம் என்று சொல்கிறோமே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே டாக்டர் இருப்பார், மாத்திரை உண்டு, சில இடங்களில் வெளிக்கதவில் பூட்டும் உண்டு. சோபர் லிவிங் வீட்டில் பெரும்பாலும் சிகிச்சை கிடையாது. சிகிச்சையை முடித்துவிட்டு வெளியே வந்தவர், அதே பழைய நண்பர்கள், அதே பழைய தெரு என்று திரும்பிப் போனால் ஒரு வாரத்தில் மறுபடியும் பாட்டிலைத் தொட்டுவிடுவார் என்பதால், அதே நிலையில் உள்ள இன்னும் சிலரோடு சேர்ந்து தங்கும் சாதாரணக் குடியிருப்பு வீடு, அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் கூட்டத்துக்குப் போவார்கள், வாடகை கட்டுவார்கள்.

என் சித்தப்பா மகன் நியூ ஜெர்சியில் அப்படி ஒரு வீட்டில் எட்டு மாதம் இருந்தான். நான் போன போதெல்லாம் சமையலறையில்தான் உட்காருவோம். ஃபிரிட்ஜ் இரண்டு, ஒவ்வொரு தட்டிலும் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும், அவனுடைய தட்டில் தயிர் டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும். சுவரில் யார் எந்தக் கிழமை கழிவறை கழுவ வேண்டும், யார் குப்பை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை. வாசலில் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு, வெளியே போகிறவர் நேரமும் இடமும் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் போனபோது வராந்தாவில் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகள் இருந்தன. முந்தின இரவு போதைச் சோதனையில் மாட்டியவருடைய துணிமணிகள். யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பி மட்டும் "அவர் கட்டில் ஜன்னல் பக்கம், காத்து நல்லா வரும், ஆனா மாறிப் படுக்க மனசு வரலை" என்றான். இந்தத் தொழிலைப் பற்றி யார் என்ன கணக்குக் காட்டினாலும் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். கட்டில் காலியாகாமல் இருந்தால்தான் வீட்டுக்காரருக்கு வருமானம். ஆனால் குடித்துவிட்டு வந்தவரை அன்றைக்கே வெளியே அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு. நல்ல வீடு காலிக் கட்டிலின் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறது.

இந்த யோசனையை உருவாக்கியவர்கள் முதலீட்டாளர்கள் கிடையாது. 1975-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்ப்ரிங்கில் ஒரு மறுவாழ்வு விடுதியைப் பணம் இல்லை என்று மூட இருந்தார்கள். அங்கே தங்கியிருந்த பால் மொலாய், முன்பு செனட் குழுவில் வேலை பார்த்த வழக்கறிஞர், தன்னோடு இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்தார். மேனேஜர் வேண்டாம், சம்பளத்துக்கு ஆள் வேண்டாம், தலைவரையும் பொருளாளரையும் நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம், வாடகையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம், யாராவது மறுபடி குடித்தால் உடனே வெளியேற்றுவோம், ஒழுங்காக இருப்பவர் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பழைய விடுதியில் ஆறு மாதம்தான் தங்க முடியும் என்ற விதி இருந்தது. அப்படி வெளியேறியவர்களில் நிறையப் பேர் மறுபடியும் குடியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள், அதனால்தான் கெடு வேண்டாம் என்றார்கள். அதுதான் ஆக்ஸ்போர்ட் ஹவுஸ். 1988-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, இப்படி வீடு எடுக்கும் ஆறு பேருக்குக் குறையாத குழுவுக்கு முன்பணச் செலவுக்காக 4,000 டாலர் வரை கடன் தர ஒவ்வொரு மாநிலமும் ஒரு லட்சம் டாலர் நிதி வைக்க வேண்டும் என்றது. இன்று அமெரிக்கா முழுவதும் மூவாயிரத்துக்கு மேல் ஆக்ஸ்போர்ட் வீடுகள் இருக்கின்றன, அந்த அமைப்பு ஒரு வீட்டையும் சொந்தமாக வைத்திருக்காமல் எல்லாவற்றையும் வாடகைக்குத்தான் எடுக்கிறது.

இதில் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியனார்ட் ஜேசன் குழு 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஆக்ஸ்போர்ட் வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கமான பின்கவனிப்புக்கும் அனுப்பி, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தது. வழக்கமான பின்கவனிப்பில் இருந்தவர்களில் சுமார் 65 சதவீதம் பேர் மறுபடி போதைக்குப் போயிருந்தார்கள், ஆக்ஸ்போர்ட் வீட்டுக்குப் போனவர்களில் சுமார் 31 சதவீதம். 2006-இல் வெளியான முடிவு இது. மருந்து இல்லை, டாக்டர் இல்லை, ஒரு வாடகை வீடும் அதற்கு ஒரு ஒழுங்கும்தான்.

சரி, குடியிருப்புப் பகுதியில் பத்துப் பேர் சேர்ந்து தங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, நகராட்சி விடுமா? இங்கேதான் சட்டம் வருகிறது, முதலீடு செய்கிறவர் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். 1988-இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர் உடல் ஊனமுற்றவரைப் போலவே பாதுகாப்புப் பெறுகிறார். வீடு கிடைப்பதில் அவருக்குத் தடை போடக்கூடாது, தேவைப்பட்டால் நகராட்சியும் குடியிருப்போர் சங்கமும் தங்கள் விதியைக் கொஞ்சம் தளர்த்தித் தர வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவுமுறை இல்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால் அது குடும்பம் ஆகாது என்று சொல்லி ஒரு ஆக்ஸ்போர்ட் வீட்டை விரட்டப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்பம் என்றால் என்ன என்று வரையறுக்கும் விதியை, ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்ற பாதுகாப்பு விதியாகக் காட்டி நகராட்சி இந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று 1995-இல் 6-3 என்று தீர்ப்பு வந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரமோ 2014 முதல், இப்படிப்பட்ட இரண்டு வீடுகளுக்கு நடுவே 650 அடி இடைவெளி வேண்டும், அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டு வருடக்கணக்காக வழக்காடியது. சட்டம் கை கொடுக்கும், ஆனால் வக்கீல் பீஸும் நேரமும் உங்கள் தலையில்தான்.

இந்தப் பாதுகாப்பு மீண்டு வருகிறவருக்கு மட்டும்தான். இப்போது சட்டவிரோதப் போதைப்பொருள் உபயோகித்துக்கொண்டிருப்பவருக்குக் கிடையாது. அதாவது வீட்டுக்குள் ஊசி போடுவதைக் கண்டும் காணாமல் விடும் நடத்துநர், குடியிருப்பவர்களின் உயிரோடு விளையாடுவதோடு, உங்கள் வீடு நிற்கும் சட்டத் தூணையும் சேர்த்தே உடைக்கிறார்.

இனி பணம் இதைக் கெடுத்த கதை. 2008-இல் வந்த சட்டம், மனநோய்க்கும் போதைச் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் தந்தால் அதை மற்ற நோய்களுக்குத் தருவது போலவே தர வேண்டும் என்றது. 2010-இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் போதைச் சிகிச்சையைக் கட்டாயப் பலன்களில் சேர்த்தது, 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் இன்சூரன்ஸிலேயே இருக்கலாம் என்றது. இரண்டும் நல்ல சட்டங்கள், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவை. ஆனால் போதையில் சிக்கிய ஒரு இருபத்து மூன்று வயதுப் பையன் இப்போது ஒரு இன்சூரன்ஸ் அட்டையாகவும் தெரிய ஆரம்பித்தான். புளோரிடாவின் டெல்ரே பீச் சுற்றுவட்டாரத்தில் நடந்தது இதுதான். சோபர் வீட்டுக்காரர் பையனிடம் வாடகையே வாங்க மாட்டார், விமான டிக்கெட்டும் சிகரெட்டும்கூடத் தருவார். பதிலுக்கு அவன் குறிப்பிட்ட ஒரு கிளினிக்குக்குத் தினமும் போக வேண்டும், வாரத்துக்கு மூன்று தடவை சிறுநீர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஆயிரக்கணக்கான டாலர் பில் போட்டு இன்சூரன்ஸில் வாங்கி, அதில் ஒரு பங்கை கிளினிக் வீட்டுக்காரருக்குத் தள்ளும். சிறுநீரைத் திரவத் தங்கம் என்றே அந்த வட்டாரத்தில் சொன்னார்கள்.

இதன் கொடுமை எங்கே என்றால், பையன் தேறிவிட்டால் வருமானம் நின்றுவிடும். மறுபடி விழுந்தால் இன்சூரன்ஸ் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும், மறுபடி போதை நீக்கம், மறுபடி கிளினிக், மறுபடி வீடு. இந்தச் சுற்றுக்கு புளோரிடா ஷஃபிள் என்று பெயரே வந்துவிட்டது. விழுந்தவனை வெளியே அனுப்ப வேண்டிய வீடு, அவன் விழ வேண்டும் என்று காத்திருந்தது. கென்னத் சாட்மன் என்பவர் தன் வீடுகளில் போதைப்பொருள் புழங்க விட்டார், பெண்களைப் பாலியல் தொழிலில் தள்ளினார், 2017-இல் இருபத்தேழரை வருடச் சிறைத் தண்டனை பெற்றார். அதற்கு முந்தின வருடமே பாம் பீச் மாவட்ட அரசு வழக்கறிஞர் டேவ் ஆரன்பெர்க் தனிப்படை அமைத்திருந்தார். அதே 2016 ஜூலையிலிருந்து, உரிமம் பெற்ற சிகிச்சை மையங்கள் சான்றிதழ் பெற்ற வீடுகளுக்குத்தான் ஆட்களை அனுப்பலாம் என்ற விதியும் புளோரிடாவில் வந்தது. 2018 அக்டோபரில் மத்திய அரசு ஆள் அனுப்பக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. ஒவ்வொரு தடவைக்கும் 2 லட்சம் டாலர் வரை அபராதம், 10 வருடம் வரை சிறை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை, அரிசோனாவில் வேறு உருவத்தில் வந்தது. பழங்குடி மக்களுக்கான அரசு மருத்துவத் திட்டம் அங்கே கேட்ட பில்லுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளை நிற வேன்கள் நவஹோ பழங்குடி மக்கள் வாழும் ஊர்களுக்குப் போய், சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோம் என்று ஆட்களை ஏற்றி பீனிக்ஸ் நகரப் புறநகர் வீடுகளில் இறக்கின. சிகிச்சை என்ற பெயரில் பில் ஓடியது, சில வீடுகளில் குடிக்கச் சாராயமே கொடுத்தார்கள். 2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் மாநில அட்டர்னி ஜெனரல் கிறிஸ் மேயஸும் இதை அறிவித்து நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணத்தை நிறுத்தினார்கள். அரசுக்கு இரண்டு பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம். வீடுகள் திடீரெனப் பூட்டப்பட, ஊர் பெயர்கூடத் தெரியாத இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள், பலரைக் காணவில்லை என்று குடும்பங்கள் தேடின. அந்த வீடுகள் பெரும்பாலும் சாதாரண வாடகை வீடுகள். சொந்தக்காரர்களில் சிலர் நம்மைப் போலவே எங்கோ உட்கார்ந்துகொண்டு மாதா மாதம் நல்ல வாடகை வருகிறது என்று நிம்மதியாக இருந்தவர்களாக இருக்க வேண்டும்.

இப்போது நண்பரின் 5,800-க்கு வருவோம். பத்துக் கட்டிலில் ஒன்று ஹவுஸ் மேனேஜருக்கு, அதற்குப் பெரும்பாலும் வாடகை இருக்காது. மீதி ஒன்பதில் எப்போதும் குறைந்தது இரண்டு காலியாக இருக்கும், ஏனென்றால் ஆட்கள் போவார்கள், வருவார்கள், ஒழுங்காக நடத்தினால் வெளியேற்றவும் வேண்டிவரும். ஆக ஏழு பேர் கட்டும் 200 டாலர், வாரம் 1,400, மாதம் 6,000-க்குச் சற்று மேலே. அதில் கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், கழிவறைக் காகிதம் வரை எல்லாம் நடத்துநர் செலவு. பத்துப் பேர் குளிக்கும் வீட்டில் வெந்நீர் ஹீட்டர் ஓயவே ஓயாது. மேனேஜருக்குக் கையில் கொஞ்சம், சோதனைக் கப், மெத்தை, பொறுப்புக் காப்பீடு, வேலை போய் இரண்டு வாரம் வாடகை கட்ட முடியாதவருக்காக ஒரு ஒதுக்கீடு. எப்படிச் சுருக்கினாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு போய்விடும். அப்படியானால் சொந்தக்காரருக்குக் கொடுக்க மூவாயிரமோ மூவாயிரத்து ஐந்நூறோதான் மிஞ்சும், அதாவது ஊர் வாடகையும் அதற்கு மேல் கொஞ்சமும். குடியிருப்பவர்கள் கட்டும் பணத்திலிருந்து 5,800 வரவே வராது. அப்படியும் ஒருவர் தருகிறேன் என்றால் அந்த மீதி வேறு எங்கிருந்தோ வருகிறது.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் நடத்துநரிடம் இரண்டே கேள்வி கேட்டார். குடியிருப்பவர்கள் வாரம் எவ்வளவு கட்டுகிறார்கள், இன்சூரன்ஸ் தீர்ந்துபோன ஒருவர் வேலைக்குப் போய்த் தன் கையிலிருந்து வாடகை கட்டினால் தொடர்ந்து இருக்கலாமா? முதல் கேள்விக்கு, அதெல்லாம் புரோகிராமில் அடக்கம் என்று பதில். இரண்டாவதற்கு, அப்படிப்பட்டவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று பதில். விசாரித்ததில் அந்த நடத்துநருக்கு இருபது நிமிடத் தூரத்தில் போதைச் சிகிச்சைக்கு வந்து போகும் ஒரு அவுட்பேஷன்ட் கிளினிக்கிலும் பங்கு இருந்தது. வீடும் கிளினிக்கும் ஒருவர் கையில் இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை, நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடகையைக் கிளினிக் வருமானம் சுமக்கிறது என்றால், என்றைக்காவது விசாரணை வரும்போது ஊர் வாடகையைப் போல இரண்டு மடங்கு எதற்காக வாங்கினீர்கள் என்ற கேள்வி சொந்தக்காரரிடமும் வரும்.

வேறு சில விஷயங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 2011-இல் தொடங்கிய தேசிய மீட்பு இல்லக் கூட்டமைப்பு இந்த வீடுகளை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் வீடு முதல் வகை, சிகிச்சையோடு சேர்ந்தது நான்காவது. எந்த வகை, மாநிலக் கிளையின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்ன நடக்கப்போகிறது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள், சாதாரண வாடகை வீட்டுப் பாலிசி இதைத் தாங்காமல் போகலாம். நான் குடியிருக்கப்போகிறேன் என்று சொல்லி வாங்கிய கடனில் இதைச் செய்ய வேண்டாம். வீடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் குடித்து வண்டி ஓட்டி லைசென்ஸை இழந்தவர்கள் நிறையப் பேர், நடந்து போகும் தூரத்தில் பஸ் இல்லையென்றால் வேலை கிடைக்காது, வேலை இல்லையென்றால் வாடகை வராது.

மருந்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹெராயின், ஃபென்டனில் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு புப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்ற மருந்துகள் உயிர் காப்பவை. பல வீடுகள் அதுவும் போதைதானே என்று அவற்றைச் சாப்பிடுபவர்களைச் சேர்ப்பதில்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட விளக்கம், டாக்டர் எழுதிக்கொடுத்த இந்த மருந்தைச் சாப்பிடுகிறார் என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது ஊனமுற்றோர் சட்டத்துக்கு எதிரானது என்கிறது. சட்டத்தை விடுங்கள். சில மாதம் போதையைத் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது, மருந்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு தடவை பழைய அளவு எடுத்தவர் மூச்சு நின்று போய்விடலாம். வெளியேற்றப்பட்ட அந்த முதல் இரவுதான் மிக ஆபத்தானது. அதனால் நடத்துநரைப் பார்க்கும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்வி, வெளியேற்றுபவரை எங்கே அனுப்புகிறீர்கள் என்பது. போதை நீக்க மையத்துக்குப் போன் போட்டு, கூடவே வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம், ஹெராயின் போன்றவை அளவு மீறி மூச்சு அடங்குபவரை மீட்கும் நலாக்ஸோன் ஸ்ப்ரேயை வீட்டில் ஒவ்வொரு மாடியிலும் வைத்திருக்கிறோம் என்று உடனே பதில் வந்தால் அந்த ஆளோடு பேச்சைத் தொடரலாம். "கதவைச் சாத்திவிடுவோம்" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நண்பர் 5,800-ஐ விட்டுவிட்டார். இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தது, கையிலிருந்து தவணை கட்டினார். அப்புறம் ஆக்ஸ்போர்ட் முறையில் வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்கள் குழு வந்து பார்த்தது. மாதம் 3,100, குத்தகை அந்தக் குழுவின் பெயரிலேயே, ஒன்றாம் தேதி பொருளாளர் கையெழுத்துப் போட்ட ஒரே செக். இதுவரை தவறவில்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து மட்டும் போன மாதம் ஒரு கடிதம் வந்தது, உறவினர் அல்லாதவர்கள் மூன்று பேருக்கு மேல் தங்கக்கூடாது என்று. நியாய வீட்டுவசதிச் சட்டத்தைக் காட்டி விதியைத் தளர்த்தக் கேட்கும் கடிதத்தை வக்கீல் எழுதிக்கொடுத்தார், 600 டாலர் ஆனது. சங்கம் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது, கூட்டத்துக்கு அந்தப் பெண்களில் ஒருவரும் வருகிறேன் என்றாராம்.